பத்து இலக்க எண்ணை எப்படி உடைப்பது? எண்கள் மூன்று, வழிகள் ஐந்தாறு

4294967297, 2027651281, 3215031751. மூன்றும் பத்து இலக்க எண்கள். மொபைல் நம்பர் நீளம்தான், ஆனால் நம் ஊர் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-ல் தொடங்கும் என்பதால் யாருடைய போனும் அடிக்காது, கவலை வேண்டாம். மூன்றும் ஒற்றைப்படை, எதுவும் 5-ல் முடியவில்லை, பார்த்த மாத்திரத்தில் மூன்றும் பகா எண் போலவே தோன்றும். ஒன்றுகூட இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் போகும்போது ஒரு எண்ணில் ஓஹோவென்று ஓடும் முறை அடுத்த எண்ணில் படுத்துவிடுகிறது. அதனால் ‘எந்த முறை நல்லது’ என்று மொட்டையாகக் கேட்பவர்களுக்கு இந்த மூன்றையும் எடுத்துப் போடுவது என் வழக்கம்.

முறைகளுக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘இது பகா எண்ணா?’ என்பது ஒரு கேள்வி. ‘இதன் காரணிகள் என்ன?’ என்பது வேறு கேள்வி. பள்ளியில் இரண்டுக்கும் ஒரே வேலைதான் செய்தோம், 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போவது, அதனால் இரண்டும் ஒன்றென்றே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் 2⁶⁷ − 1 என்ற எண்ணைப் பாருங்கள், 147573952589676412927. இது பகா எண் அல்ல என்று 1876-லேயே பிரெஞ்சுக் கணிதர் லூக்கா நிறுவிவிட்டார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல். காரணிகள் 193707721, 761838257287 என்று அமெரிக்கக் கணிதர் கோல் கண்டுபிடித்துச் சொன்னது 1903-ல். இடையில் 27 வருடம். உங்களுக்கு வேண்டியது எந்தக் கேள்விக்கான பதில் என்பதைப் பொறுத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

சரி, முதலில் நமக்கெல்லாம் தெரிந்த வழி, வகுத்துப் பார்ப்பது. இதை ஏளனம் செய்பவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு எண்ணை எடுத்தால், 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களில் ஏதாவது ஒன்றால் அது வகுபட நூற்றுக்கு 88 வாய்ப்பு உண்டு. 1, 3, 7, 9-ல் முடிகிற எண்ணாகப் பார்த்து எடுத்தாலும் நூற்றுக்கு 70. அவ்வளவு மலிவாக வேறு எந்த முறையும் பதில் தராது.

மனக்கணக்கிலேயே கொஞ்ச தூரம் போகலாம். 4294967297-இன் இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3 ஆகாது. அப்புறம் 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டிக்கொண்டு மாற்றி மாற்றிக் கழித்தும் கூட்டியும் வந்தால் போதும். 297 − 967 + 294 − 4 = −380. குறியை விட்டுவிடுங்கள், 380-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-ஆல் வகுத்தால் 6, 13-ஆல் வகுத்தால் 3. எதுவும் 0 இல்லை, மூன்றும் அவுட். பஸ்ஸில் நின்றுகொண்டே செய்துவிடலாம்.

ஆனால் இதே வழியில் முடிவு வரை போக வேண்டுமென்றால், பத்து இலக்க எண்ணுக்கு அதன் வர்க்கமூலம் வரை இருக்கிற பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும். 4294967297-இன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரம். மனிதக் கைக்கு மாதக்கணக்கு. உண்மையைச் சொன்னால், கணினி பக்கத்தில் இருந்து, பார்க்க வேண்டியது ஒரே ஒரு பத்து இலக்க எண் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, வகுக்கச் சொல்லிவிட்டுப் போய் டீ குடிக்கலாம், டீ ஆற்றும் முன்பே பதில் வந்திருக்கும். கையால் செய்யும்போதும், லட்சக்கணக்கான எண்களைச் சோதிக்கும்போதும், எண் இருபது முப்பது இலக்கத்துக்குப் போகும்போதும்தான் தேர்வு முக்கியமாகிறது.

இந்த எண்ணுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. 116-வது பகா எண்ணிலேயே அது விழுந்துவிடும். அந்தப் பகா எண் 641.

இரண்டாவது எண் அப்படி விழாது. 2027651281-க்கு 40,000 வரை உள்ள 4203 பகா எண்களையும் போட்டுப் பார்த்த பிறகும் கையில் ஒன்றும் இருக்காது. இந்த இடத்தில்தான் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா வருகிறார். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எண்ணை எழுதிவிட்டால் காரணி தானாக வந்துவிடும் என்பது அவருடைய வழி. எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான், a² − b² = (a + b) × (a − b). 1643-ல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் இந்த எண்ணையே எடுத்துச் செய்து காட்டுகிறார். வர்க்கமூலம் 45029-க்குச் சற்று மேல், அதனால் 45030-இலிருந்து தொடங்குகிறார். 45030²-இலிருந்து எண்ணைக் கழித்தால் 49619. அது முழு வர்க்கமா? இல்லை. அடுத்து 45031, இல்லை. 45032, இல்லை. இப்படியே 12-வது முயற்சியில் 45041² − 2027651281 = 1040400 என்று வருகிறது. அது 1020-இன் வர்க்கம். முடிந்தது. 45041 − 1020 = 44021, 45041 + 1020 = 46061, இவைதான் காரணிகள். ஒவ்வொரு படிக்கும் புதிதாக வர்க்கம் போட வேண்டியதில்லை, முந்தைய விடையோடு 90061, 90063, 90065 என்று கூட்டிக்கொண்டே போனால் போதும். முக்கால்வாசி விடைகளைக் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்தே தள்ளிவிடலாம். 49619-ஐப் பாருங்கள், எந்த வர்க்கமும் 19-ல் முடியாது.

நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல் எங்கே, பன்னிரண்டு கழித்தல் எங்கே. அப்படியானால் எப்போதும் இதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். முதல் எண்ணில் போட்டுப் பாருங்கள். அதன் காரணிகள் 641, 6700417. ஒன்று எலி, ஒன்று யானை. இரண்டுக்கும் நடுப்புள்ளி 3350529. தொடக்கமோ 65537. இடையில் 32,84,993 முயற்சிகள். வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இரண்டு காரணிகளும் உட்கார்ந்திருந்தால் மட்டும்தான் இது வேலை செய்யும் என்பதை இதைவிடக் கறாராகச் சொல்ல முடியாது.

அதற்காக இதை அருங்காட்சியகத்தில் வைத்துவிடவும் வேண்டாம். 2022-ல் சில அச்சுப்பொறிகள் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. சாவிகள் (இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கும் ரகசியக் குறியீட்டுச் சாவிகள்) இதே 17-ஆம் நூற்றாண்டு முறையில் உடைந்தன. 600 இலக்க எண்ணாகவே இருந்தாலும், அதை உருவாக்கிய இரண்டு பகா எண்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக இருந்தால் சில படிகளில் கதை முடிந்துவிடும். அதனால் எண் யாரோ அவசரத்தில் உருவாக்கியது என்ற சந்தேகம் இருந்தால் முதல் நூறு படிகளாவது ஃபெர்மா முறையை ஓட்டிப் பார்ப்பேன். செலவு ஒன்றுமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முறை பலிக்காத அந்த 4294967297-ம் ஃபெர்மாவுடைய எண்தான். 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்று கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற இந்த வரிசையில் முதல் ஐந்தும் பகா எண்கள், அடுத்ததும் அப்படித்தான் இருக்கும், எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் அவர் நம்பினார். 1732-ல் ஆய்லர் வந்து 641-ஐக் காட்டினார். ஆய்லர் 116 பகா எண்களால் வகுக்கவில்லை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது அவருடைய வாதம். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் ஆள் சிக்கிவிட்டார். பின்னாளில் லூக்கா 64-ஐ 128 ஆக்கினார், அதை வைத்துப் பார்த்தால் 257, 641 என்று இரண்டே இரண்டு. அதிலும் 257 இதே வரிசையின் இன்னொரு உறுப்பு, இந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் அடித்துவிடலாம். ஒரே ஒரு வகுத்தல்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு வகுத்தலும் வேண்டாத வழி. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதல் வரியின்படி 5 × 2⁷ என்பது 641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு, அதை நான்கு முறை பெருக்கினால் 5⁴ × 2²⁸, அது மடங்குக்கு ஒன்று அதிகம். இரண்டாவது வரியின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³² என்பது மடங்குக்கு ஒன்று அதிகம், அதாவது 2³² + 1 அப்படியே மடங்கு. முடிந்தது. பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட முழுதாக எழுதவே இல்லை. எண்ணின் உருவம் தெரிந்தால் அதுதான் எல்லாவற்றிலும் வேகமான வழி. என்ன, கையில் கிடைக்கிற பெரும்பாலான எண்களுக்கு அப்படி ஒரு உருவமே இருக்காது.

இனி முதல் கேள்வி, பகா எண்ணா இல்லையா என்பது மட்டும். இதற்கு அடுக்குச் சோதனைகள் இருக்கின்றன. எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு ஏற்றி அந்த எண்ணாலேயே வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் நிச்சயம் பகு எண். இதுவும் ஃபெர்மா தேற்றம்தான், மனிதர் விடமாட்டேன் என்கிறார். பத்து இலக்க எண்ணுக்கு முப்பதைச் சுற்றி வர்க்கப்படுத்தல்களில் வேலை முடியும்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் இந்தச் சோதனையை சி மொழியில் எழுதி, 64 பிட் மாறிகளை வைத்துக்கொண்டு 4294967297-ஐக் கொடுத்தேன். ‘பகு எண்’ என்று பதில் வந்தது. சரியான விடை, ஒரே பெருமை. பிறகு ஒரு நாள் இடைப்பட்ட மீதிகளை அச்சிட்டுப் பார்த்தால், 2, 4, 16, 256, 65536, 4294967296, அப்புறம் 0, 0, 0 என்று கடைசி வரை பூஜ்யம். 4294967296-ஐ வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. 64 பிட் மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண்ணைவிட அது துல்லியமாக ஒன்று அதிகம், நிரம்பி வழிந்து பூஜ்யமாகிவிட்டது. மீதி 1 இல்லை, 0, அதனால் பகு எண் என்று சொல்லியிருக்கிறது. சரி, பிழையைத் திருத்தி 128 பிட்டுக்கு மாற்றினேன். இப்போது பதில் ‘பகா எண்ணாக இருக்கலாம்’! பிழையோடு இருந்தபோது சரியாகச் சொன்ன நிரல் திருத்தியதும் தப்பாகச் சொல்கிறது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

நிரலில் தப்பில்லை, 2-இல்தான் வில்லங்கம். 2³² இந்த எண்ணைவிட ஒன்றுதான் குறைவு, அதாவது மீதி −1, அதை வர்க்கப்படுத்தினால் 1, அதன் பிறகு எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 1. எண்ணே 2-இன் அடுக்கை வைத்துக் கட்டப்பட்டது, அதனிடம் போய் 2-ஐ வைத்தே விசாரித்தால் பங்காளிக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். 3-ஐ வைத்துக் கேட்டால் உடனே உளறிவிடும். 31 முறை வர்க்கப்படுத்தியதும் மீதி 10324303. பகா எண்ணாக இருந்தால் அந்த இடத்தில் 4294967296 வந்திருக்க வேண்டும் என்பது 1877-ல் பெப்பென் தந்த சோதனை. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 3029026160, 1 இல்லை. பகு எண்தான்.

அப்படியானால் அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு ஏற்றும் அந்த 2, 3 போன்ற எண்ணை, மாற்றி மாற்றிப் போட்டால் போதுமா என்றால், எளிய ஃபெர்மா சோதனைக்கு அதுவும் போதாது. ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 1729-ஐப் பாருங்கள், 7 × 13 × 19. தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை வைத்துக் கேட்டாலும் மீதி 1 என்றே சொல்லும். கார்மைக்கேல் எண் என்று இந்த வகைக்குப் பெயர். அதனால்தான் ஒரு படி கறாரான மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துகிறோம். அதில் வர்க்கப்படுத்திக்கொண்டு போகும்போது 1 எப்படி வந்தது, −1 வழியாக வந்ததா, வேறு எங்கிருந்தாவது குதித்ததா என்பதையும் பார்ப்பார்கள். எந்தக் கார்மைக்கேல் எண்ணும் ஏதாவது ஒரு அடிமானத்தில் இதனிடம் மாட்டிக்கொள்ளும்.

ஆனாலும் எத்தனை அடிமானங்கள் போதும்? இணையத்தில் பல இடங்களில் ‘2, 3, 5, 7 போதும்’ என்று எழுதியிருப்பார்கள். நம் மூன்றாவது எண் இதற்காகத்தான் காத்திருந்தது. 3215031751 பகு எண், ஆனால் 2, 3, 5, 7 நான்கிலும் மில்லர்–ராபின் சோதனையைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டும் எண்களிலேயே மிகச் சிறியது இதுதான். ஒன்பது இலக்கம் வரை நான்கு போதும், பத்து இலக்கத்தில் காலை வாரும். 11-ஐயும் சேர்த்துக்கொண்டால் 2152302898747 வரை, அதாவது பன்னிரண்டு இலக்கம் முழுவதும் தாண்டி, ஒரு பொய்கூட வராது. வாய்ப்பு, நிகழ்தகவு என்ற பேச்சே இல்லை, அந்த எல்லைக்குள் நிச்சயமான பதில்.

இந்தக் கில்லாடி எண்ணை வெறும் வகுத்தலில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? 36-வது பகா எண் 151. அங்கேயே விழுந்துவிடும். 151 × 751 × 28351. நான்கு சோதனைகளை ஏமாற்றியது ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் மாட்டிக்கொள்கிறது.

2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் தந்த ஏ.கே.எஸ். முறையைப் பற்றியும் கேட்பார்கள். எந்த அளவு எண்ணுக்கும் சந்தேகமே இல்லாத பதிலை நியாயமான நேரத்தில் தர முடியும் என்று முதன்முதலில் நிறுவியது அது, கோட்பாட்டில் பெரிய விஷயம். பத்து இலக்க எண்ணுக்கு அதை ஓட்டுவது பக்கத்துத் தெருவுக்குப் போக ரயிலில் டிக்கெட் எடுப்பது போல.

கடைசியாக, காரணிதான் வேண்டும், எண்ணின் உருவம் பற்றி எதுவும் தெரியாது, சின்ன காரணிகளும் இல்லை என்றால், 1975-ல் போலார்ட் சொன்ன ரோ முறை. எனக்கு இது கொஞ்சம் மாயாஜாலம் மாதிரியே இருக்கும். 2-இலிருந்து தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 1 கூட்டுங்கள், எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அதையே செய்யுங்கள். 2, 5, 26, 677 என்று போகும். இந்தத் தொடரில் ஆமை ஒரு படியாகவும் முயல் இரண்டு படியாகவும் போகட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டும் நிற்கும் இடங்களின் வித்தியாசத்துக்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்துப் பாருங்கள். 1 வந்தால் தொடருங்கள், 1-ஐவிடப் பெரிதாகவும் நம் எண்ணைவிடச் சிறிதாகவும் வந்தால் காரணி கையில்.

ஏன் வேலை செய்கிறது என்று 4294967297-இலேயே பார்க்கலாம். நமக்கு 641 தெரியாது, ஆனால் அந்தத் தொடரை 641-ஆல் வகுத்த மீதிகள் திரைக்குப் பின்னால் இப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன: 2, 5, 26, 36, 15, 226, 438, 186, 624, 290, 130, 235, 100, 386, 285, 460, 71, 555, 346, 491, 66, 511, மறுபடி 235. 641 மீதிகள்தான் இருக்க முடியும் என்பதால் எப்போதாவது ஒன்று திரும்ப வந்தே ஆக வேண்டும். இங்கே 130-ம் 511-ம் கூட்டினால் 641, அதனால் இரண்டின் வர்க்கமும் ஒரே மீதியைத் தருகிறது, வளையம் பூட்டிக்கொள்கிறது. ஆமை 11-வது படியில் நிற்கும்போது முயல் 22-வது படியில், இரண்டின் அடியிலும் அதே 235. வித்தியாசம் 641-ஆல் வகுபடுகிறது, மீ.பொ.கா. எடுத்ததும் 641 வெளியே வந்து விழுகிறது. பதினோரே சுற்று. 23 பேர் இருக்கிற வகுப்பில் இருவருக்கு ஒரே நாளில் பிறந்த நாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்பார்களே, அதே கணக்குதான், காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டிய படிகளில் ஏதாவது ஒன்று மோதிக்கொள்ளும். 2027651281-க்கு இதே முறை சில நூறு படிகள் கேட்கும். ஃபெர்மாவின் பன்னிரண்டோடு போட்டி போட முடியாது, ஆனால் எந்த எண்ணிலும் முப்பது லட்சம் என்று மானத்தை வாங்காது. 1980-ல் பிரெண்டும் போலார்டும் இந்த முறையின் திருத்திய வடிவத்தை வைத்துத்தான் 2²⁵⁶ + 1-ஐ உடைத்தார்கள், அதன் சிறிய காரணிக்கே 16 இலக்கம்.

ஆக என் கையில் ஒரு பத்து இலக்க எண்ணைக் கொடுத்தால், முதலில் அது ஏதாவது அடுக்கோடு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ வந்ததா என்று பார்ப்பேன். இல்லையென்றால் 100 வரை வகுத்தல், இன்னும் பொறுமை இருந்தால் 1000 வரை. பிறகு 2, 3, 5, 7, 11 ஐந்தையும் வைத்து மில்லர்–ராபின், பகா எண் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், ஏனென்றால் இல்லாத காரணியைத் தேடி ரோ முறையை ஓட்டினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். மொத்தம் 40 கோடியே 42 லட்சத்துச் சொச்சம் பத்து இலக்கப் பகா எண்கள் இருக்கின்றன, ஏறக்குறைய 22 எண்ணுக்கு ஒன்று, 1, 3, 7, 9-ல் முடிபவற்றில் ஒன்பதுக்கு ஒன்று, அதனால் அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வமும் இல்லை. பகு எண் என்று வந்தால் ஃபெர்மா முறையில் கொஞ்சம், அப்புறம் ரோ. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முனையத்தில் ‘ஃபேக்டர்’ கட்டளையைக் கொடுத்தாலும் போதும், உள்ளே அதுவும் வகுத்தல், பகாச் சோதனை, ரோ என்று இந்த மாதிரிதான் போகிறது.

ஒரு காரணி கிடைத்ததும் பேனாவை மூடிவிடுபவர்கள் நிறைய. 641 கிடைத்துவிட்டது, மீதமுள்ள 6700417? அதற்கும் எண்ணின் உருவம் கை கொடுக்கிறது. அதன் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும், 2588-ஐத் தாண்ட வேண்டியதில்லை, 257-ஐ ஏற்கெனவே அடித்துவிட்டோம். அந்த வரம்புக்குள் மிச்சமிருக்கும் பகா எண்கள் 641, 769, 1153, 1409 நான்குதான். வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. நான்கு வரிக் கணக்கு, 6700417 பகா எண்.